டாக்டர் பொறுத்துக்கொள்ளவில்லை

எங்கள் மச்சான் ஷரீஃபுதீன் அழுகிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட வருஷம் அவர் வீடு வீடாகப் போய் அழுதார் என்று மலாக்காவில் எங்கள் காஜா பேராங் பக்கத்தில் இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெற்ற தாய் மௌத்தான சேதி ஊரிலிருந்து வந்தபோதுகூட, கடைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். அசருக்கு எழுந்து தொழப் போனார். மறுநாள் கடையைத் திறந்தார். அப்படிப்பட்டவர் அப்பாசாமி பிள்ளை வீட்டு வாசலில் நின்று விம்மினால் யாருக்காவது உறைத்திருக்க வேண்டாமா? ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. கூடச் சேர்ந்து அழத்தான் ஆள் இருந்தது.

நான் மும்தாஜ். மச்சானைக் கட்டிய ரோஷன் பீவி என் லாத்தா, கூடப்பிறந்த மூத்தவள். என் வீட்டுக்காரர் ஜப்பான்காரன் காலத்திலேயே போய்விட்டதால் நான் லாத்தா வீட்டோடு வந்து ஒட்டிக்கொண்டேன். ரோட்டைப் பார்த்த முன்கட்டு கருவாட்டுக் கடை, பின்கட்டு வீடு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் சத்தம் வேண்டுமே, அதற்கு நான் இருந்தேன்.

கடையில் மச்சானுக்கு ஒரு கெட்ட பழக்கம். கெட்ட பழக்கம் என்று நான்தான் சொல்வேன், லாத்தா கோபித்துக்கொள்வாள். வாங்க வந்தவள் நெத்திலியைக் கையில் அள்ளினால், அது மழையில் நனைந்த சரக்கு, வேண்டாம், இரண்டு நாள் கழித்து வா என்பார். அவள் நேரே எதிர்க்கடைக்குப் போவாள். உள்ளேயிருந்து நான் தலையில் அடித்துக்கொள்வேன். கேட்டால், பொய் சொன்ன அன்றைக்குத் தனக்குச் சோறு இறங்காது என்பார். சொன்னது போலவே இறங்காதுதான். ஒரு தடவை சுங்கக்காரனிடம் என்னவோ மழுப்பிவிட்டு வந்து அன்று ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தார். இப்படி ஒரு மனுஷரை வைத்துக்கொண்டு நாங்கள் வியாபாரம் செய்தோம்.

அவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் டாக்டர் கருணாகரன். மலாக்காவில் பிறந்து மதராஸில் படித்துவிட்டு வந்தவர்; பண்டார் ஹிலிரில் கீழே டிஸ்பென்சரி, மேலே குடித்தனம். மச்சானின் நீரைக் குழாயில் ஊற்றி நீல மருந்தோடு காய்ச்சினார். நீலம் போய்ச் செங்கல் நிறம் வந்தது. அன்றோடு இனிப்பு நின்றது. மச்சான் ஒன்றை விட்டால் விட்டதுதான். பெருநாளைக்குச் செய்த தோதோலைக்கூட மோந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். தினமும் காலையில் சைக்கிளில் பண்டார் ஹிலிருக்குப் போய், டிஸ்பென்சரியில் டிரஸ்ஸரிடம் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வருவார்.

ஆனால் நாக்கு என்று ஒன்று இருக்கிறதே. இனிப்பு போன இடத்தில் உப்பு வந்து உட்கார்ந்தது. பொரித்த கருவாடு இல்லாமல் கஞ்சி இறங்காது. எலுமிச்சம்பழம் பிழிந்து, மிளகாய் அரிந்து போட்ட சிஞ்சாலோ வேண்டும். கூனி இறாலை உப்பில் ஊறப்போட்டுச் செய்கிற அந்தச் சமாசாரம் எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கும். எங்கள் வீட்டில் அவருக்கென்று தனிப் போத்தல் இருந்தது. நான் ஏதாவது சொன்னால், டாக்டர் இனிப்பைத்தானே கூடாதென்றார், உப்பைப் பற்றி வாயே திறக்கவில்லையே என்பார். அதுவும் உண்மைதான். அப்போது உப்பு அவருக்கு ஒன்றும் செய்யவில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் வந்தது. ஊரெல்லாம் மெர்டேக்கா, ஆகஸ்டு மாதம் மெர்டேக்கா என்று பேச்சு. எங்கள் வீட்டில் பேச்சே வேறு. கல்யாணமான நாளிலிருந்து ஹஜ்ஜுக்கென்று மச்சான் சேர்த்தது அந்த வருஷம்தான் இரண்டு பேருக்குக் கப்பல் சீட்டாக மாறியது. நோன்புப் பெருநாள் கழிந்த மாதத்தில் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல். நாடு விடுதலையாகும்போது நான் ஹாஜியாகத் திரும்பி வந்து கடையில் உட்கார்ந்திருப்பேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

அந்த நோன்பு மாதத்தில் ஊசியை நிறுத்தினார். நோன்போடு ஊசி எதற்கு, பெருநாள் கழித்துப் போட்டுக்கொள்ளலாம் என்று அவராகவே ஒரு கணக்கு. ஒருநாள் மூட்டையை நகர்த்தியவர் அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்து போகிற அளவுக்கு வேர்வை. வலிக்கிறதா என்று லாத்தா கேட்டாள். வலியெல்லாம் ஒன்றுமில்லை, நோன்புக் களைப்பு என்றார். நோன்பைக்கூட முறிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டார். நாங்களும் மறந்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் ஊர் மெச்ச ஆரம்பித்தது. இனிப்பு நீர் வந்து ஒட்டிக் கிடந்த கன்னம் பூசினாற்போல் வந்தது. உடம்பு தேறியது. ஹஜ்ஜுக்கு அழைப்பு வந்தவர் முகத்தில் நூர், அந்த ஒளி, இறங்கிவிட்டது என்று பள்ளிவாசலில் சொன்னார்களாம். லாத்தா அதை என்னிடம் வந்து சொல்லும்போது அவள் முகத்திலும் கொஞ்சம் நூர் இருந்தது. ராத்திரியில் மச்சான் படுப்பதையே விட்டுவிட்டார். சாய்வு நாற்காலியில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அடிக்கடி எழுந்து கொல்லைக்குப் போய், கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து மறுபடியும் உட்காருவார். ராவெல்லாம் தொழுகையும் ஓதலுமாக அமல் செய்கிறார் என்று லாத்தா அக்கம்பக்கத்தில் சொன்னாள். அக்கம்பக்கம் ஊரெல்லாம் சொன்னது.

டாக்டர் கருணாகரன் மட்டும் டிரஸ்ஸரிடம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார்: பாயை எங்கே காணோம், ஊசியை நிறுத்தக்கூடாது, வந்து காட்டச் சொல். மச்சான் பின்கட்டில் உட்கார்ந்துகொண்டு, கிளேபாங்கில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று என்னைவிட்டுச் சொல்லச் சொன்னார். ஒரு தடவை இல்லை, வந்தபோதெல்லாம். பிரயாணத்துக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சீட்டு வேண்டும். அதை எங்கேயோ வெளியூரில், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிற ஒருத்தரிடம் வாங்கிக்கொண்டு வந்தார். பொய் சொன்னால் சோறு இறங்காதவர் இந்தப் பொய்யை விழுங்கிக்கொண்டு இருந்தார் என்றால், ஹஜ்ஜின் மேல் அவருக்கு இருந்த ஆசையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் எல்லாரிடமும் போய், அறிந்தும் அறியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளக் கேட்பது எங்கள் வழக்கம். திரும்பி வருவது நிச்சயமில்லாத பயணம். யாருடைய மனக்குறையையும் தோளில் சுமந்துகொண்டு போகக்கூடாது. மச்சான் அதை ஒரு வீடு விடாமல் செய்தார். நானும் லாத்தாவும் கூடப் போனோம். எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் செட்டிக் கம்போங். அங்கே அப்பாசாமி பிள்ளை. பெயர் தமிழ், நெற்றியில் திருநீறு, வாயைத் திறந்தால் மலாய். மச்சான் வாசல்படி ஏறி, 'பொறுத்துக்க' என்று ஆரம்பித்தவர் முடிக்க முடியாமல் நின்றார். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. உதடு துடித்தது. தூணைப் பிடித்துக்கொண்டு விம்மினார். அப்பாசாமி பிள்ளை, அட பாவமே, நம்மிடம் பிரிய இத்தனை துக்கமா என்று மலாயில் புலம்பி அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். உள்ளே இருந்த பெண்களும் அழுதார்கள். அடுத்த வீட்டிலும் அதே கதைதான். எல்லா வீட்டிலும் தேநீர், பலகாரம், உப்பு முறுக்கு, ஊறுகாயோடு சோறு. இனிப்பைத் தள்ளிவிட்டு உப்பில் கைவைத்தார். கடைசியாகச் சுற்றி முடித்து வீட்டுக்கு வந்தபோது செருப்பைக் கழற்ற முடியவில்லை. வார் காலில் புதைந்திருந்தது.

சுற்று முடிந்தது என்று நான் நினைத்தேன். மறுநாள் சாயங்காலம் சட்டையைப் போட்டுக்கொண்டு, இன்னும் ஒரு வீடு பாக்கி என்றார்.

டாக்டர் வீட்டைச் சொல்கிறார் என்று தெரிந்ததும் நான் மறித்தேன். போனால் அவர் பிடித்துக்கொள்வார், கப்பல் அடுத்த வாரம், வந்த பிறகு போய்ப் பார்த்துக்கொள்ளலாம், கடுதாசி போட்டாலும் ஆகும் என்றேன். எனக்குத் தெரிந்த சாமர்த்தியமெல்லாம் சொன்னேன். மச்சான் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "மத்தவங்ககிட்ட நான் என்ன பிழை செஞ்சேன்னு எனக்கே தெரியாது, மும்தாஜு. இவர்கிட்ட செஞ்சது நல்லாத் தெரியும்" என்றார். பெச்சா வண்டி ஒன்றைக் கூப்பிட்டு அவரையும் லாத்தாவையும் ஏற்றிவிட்டு, நானும் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

டாக்டர் வீட்டு மாடிப்படி செங்குத்தான மரப்படி. மச்சான் பாதியில் நின்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம், மறுபடி ஏறினார், மறுபடி நின்றார். டாக்டர் சத்தம் கேட்டு மேல்படிக்கு வந்துவிட்டார். வேட்டியும் பனியனுமாக நின்றவர், வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. மச்சான் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மச்சான் மேலே வந்ததும் உட்காராமல், வந்த காரியத்தைச் சொன்னார். "டாக்டர்... ஹஜ்ஜுக்குப் போறேன். கிளேபாங்ல இல்ல... வீட்லதான் இருந்தேன். உங்களுக்குப் பொய் சொல்லிட்டேன். பொறுத்துக்கணும்." நான்கு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கியது. லாத்தா வழக்கம்போல முந்தானையைக் கண்ணில் ஒற்றினாள்.

டாக்டர் அழவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கைக் கிட்டே இழுத்து, மச்சானின் கழுத்தைப் பார்த்தார். தொப்பிக்குக் கீழே, காதுவரை, நரம்பு புடைத்துத் துடித்துக்கொண்டிருந்தது. அத்தனை வீட்டில் அத்தனை பேர் அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. பிறகு முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். வலது விலாவுக்குக் கீழே அழுத்தினார். மச்சான் முகத்தைச் சுளித்தார். கைலியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, முன்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். விரல் இருந்த இடத்தில் குழி விழுந்தது. விழுந்த குழி மூடவில்லை. லாத்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூங்கும்போது எத்தனை தலைகாணி என்று டாக்டர் கேட்டார். லாத்தா பெருமையாகவே பதில் சொன்னாள்: அவர் படுப்பதே இல்லை, ராவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து ஓதுகிறார்.

டாக்டர் மச்சான் பக்கம் திரும்பினார். "பொய் சொன்னதுக்குப் பொறுத்துக்கச் சொல்லித்தானே வந்தீங்க பாய்? இப்ப உண்மையைச் சொல்லுங்க. படுத்தா என்ன செய்யுது?"

மச்சான் லாத்தாவைப் பார்த்தார், டாக்டரைப் பார்க்கவில்லை. "மொதல்ல ஓதத்தான் உட்கார்ந்தேன், பீவி. அப்புறம் படுக்க முடியல. படுத்தா தண்ணியில முழுகுற மாதிரி இருக்கு."

என் லாத்தாவின் முகம் போன போக்கை நான் சொல்லமாட்டேன். ஊரெல்லாம் பெருமையாகச் சொன்ன வாய் அது.

முழுகத்தான் செய்கிறீர்கள் என்றார் டாக்டர். இருதயம் பலமிழந்து ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறுகிறது. தள்ளாத நீர் காலில் தேங்குகிறது, ஈரலில் தேங்குகிறது, நெஞ்சுக்குள் நுரையீரலிலும் இறங்கிவிட்டது. முகத்தில் பூசினாற்போல் இருப்பதும் அந்த நீர்தான். நோன்பில் மூட்டை மேல் உட்கார்ந்ததைச் சொன்னதும், அன்றைக்குத்தான் இருதயத்தில் அடி விழுந்திருக்க வேண்டும் என்றார். வலிக்கவே இல்லையே என்றாள் லாத்தா. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குச் சில சமயம் அந்த வலி தெரியாமலே போய்விடும், நரம்பு மரத்திருக்கும். ஊசியும் இல்லை, கூடவே இத்தனை உப்பு. உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். இப்படியே கப்பலில் ஏறினால் ஜித்தாவைக் கண்ணால் பார்க்கமாட்டீர்கள் என்று முடித்தார்.

மச்சான் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். சாவைச் சொல்லிப் பயமுறுத்தக்கூடிய இடமா அது? ஹஜ்ஜின் வழியில் மௌத்தானால் அதுவும் ஒரு பாக்கியம்தான், போய்ச் சேராவிட்டாலும் எனக்குக் குறை இல்லை என்று சொல்லிவிட்டார். நீங்கள் பொறுத்துக்கொண்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போய்விடுகிறேன் என்றார்.

டாக்டர் குழாயைச் சுருட்டி மேசைமேல் வைத்தார்.

"அப்ப சரி. நான் பொறுத்துக்கல."

எங்கள் மூன்று பேருக்கும் விளங்கவில்லை.

"எனக்குப் பொய் சொன்னீங்க. எனக்கு மனக்குறை இருக்கு. பொறுத்துக்க மாட்டேன், பாய். காலையில ஆஸ்பத்திரிக்கு வந்து படுங்க, அப்புறம் பார்ப்போம்."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் அந்த டாக்டரைத் திட்டினேன். இதென்ன அழும்பு, இதென்ன அநியாயம், வயசான மனுஷர் படியேறி வந்து கேட்கிறார், ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று. பள்ளிவாசல் லெப்பையிடம் ஆள் அனுப்பிக் கேட்டோம். மனதாரக் கேட்டுவிட்டால் உங்கள் கடமை முடிந்தது, கொடுக்காதது அவர் பாடு என்று அவர் சொல்லி அனுப்பினார். நான் கப்பல் பெட்டியை எடுத்து நடுவீட்டில் வைத்தேன். லாத்தா அதில் ஒரு துணிகூட எடுத்து வைக்கவில்லை. மச்சான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் தஸ்பீஹ் இருந்தது, ஆனால் உருட்டவில்லை. விடிந்ததும், "லெப்பை சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா நான் சொன்னது பொய், அவருக்கு இருக்கிறது நெச மனக்குறை. அதோட போய் நான் ஹஜ்ஜுக்கு இஹ்ராம் துணி உடுத்த முடியாது" என்றார். பெட்டியை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, முதுகுக்குப் பலகை வைத்துச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். தொடையில் பாதரச மருந்து ஊசி ஒன்று போட்டார்கள். அன்றைக்கு அவர் கழித்த நீரைப் பார்த்து நர்ஸ் மிஸ்ஸியே சிரித்துவிட்டாள். இருதயத்துக்கு ஒரு சின்ன மாத்திரை, ஏதோ இலையிலிருந்து எடுக்கிறதாம். அளவு கூடினால் அதுவே விஷமாகிவிடும் என்று டாக்டர் தினமும் வந்து நாடி பார்த்தார். இன்சுலின் மறுபடி தொடங்கியது. சோற்றில் உப்பு அறவே கிடையாது. குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. நாளாக ஆக கால் வற்றியது, கன்னம் வற்றியது. நூரெல்லாம் சிறுநீரில் போய்விட்டது என்று நான் சொன்னதற்கு லாத்தா என்னை முறைத்தாள். மச்சான் சிரித்தார். படுத்துக்கொண்டு சிரித்தார், அதைத்தான் சொல்ல வந்தேன். தட்டையாகப் படுத்து அவர் தூங்குவதை லாத்தா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கப்பல் புறப்பட்ட அன்று அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் வந்தார், நாடி பார்த்தார், போய்விட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அவர் மீதா, கப்பல் மீதா, அந்தக் கருவாட்டின் மீதா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு இன்னொரு தலைவலி. ஊரையே அழவைத்துவிட்டுப் போனவர் ஊரிலேயே இருக்கிறார். பாசாரில் ஒருத்தன் கப்பலேறாத ஹாஜி என்று கேலி பேசினான். அவன் என் வாயில் விழுந்து எழுந்து போனான். அப்பாசாமி பிள்ளை மட்டும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, நான் அழுத அழுகையைத் திருப்பிக் கொடு என்று மலாயில் கேட்டார். வாழைப்பழமும் இனிப்பு, அதையும் திருப்பி எடுத்துக்கொள் என்றார் மச்சான். இரண்டு கிழவர்களும் கடை வாசலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

கருவாட்டுக் கடைக்காரர் வீட்டில் உப்பில்லாத சமையல். நினைத்துப் பாருங்கள். முன்கட்டில் மூட்டை மூட்டையாக வாசனை. பின்கட்டில் லாத்தா செராய்ப் புல்லும் இஞ்சியும் தட்டிப் போட்டு, மிளகும் புளியும் கூட்டி, எலுமிச்சை பிழிந்து, உப்பை மறக்கடிக்கப் பார்ப்பாள். முதல் வாரம் மச்சான் சோற்றைப் பார்த்து யோசித்துக்கொண்டே இருப்பார். தனியாக அவருக்குச் செய்து நாங்கள் வேறு சாப்பிட்டால் மனசு கேட்குமா? நாங்களும் உப்பை விட்டோம். எனக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்றைக்கும் உண்டு.

இன்னொன்றும் டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்க்க வேண்டும், திடீரென்று இரண்டு மூன்று ராத்தல் ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர், உடனே வரவேண்டும். வீட்டில் எடை பார்க்க எங்கே போவது? கடையில் மூட்டை நிறுக்கிற தராசு இருந்தது. கடை திறந்ததும் முதலில் மச்சான் அதில் ஏறி நிற்பார், லாத்தா முள்ளைப் பார்ப்பாள். அப்புறம்தான் கருவாடு. மெர்டேக்கா அன்று ஊர் சனமெல்லாம் கொடியும் கையுமாகப் பண்டார் ஹிலிர் திடலுக்குப் போனபோதும், இவர் தராசில் ஏறி இறங்கிவிட்டுத்தான் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். போகிறவர்கள் கையாட்டினார்கள். இவரும் ஆட்டினார். ஹாஜியாக இருப்பேன் என்று அவர் சொன்ன நாள் அது. அதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மாதம் ஒருதரம் டாக்டரிடம் போவார். கழுத்தைப் பார்த்து, முதுகைக் கேட்டு, காலை அழுத்தி எல்லாம் முடிந்ததும் மச்சான் எழுந்து நின்று கேட்பார்: "பொறுத்துக்கிட்டீங்களா டாக்டர்?" டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே, "அடுத்த மாசம் வாங்க பாய், பார்ப்போம்" என்பார். முதலில் இரண்டு பேரும் அதை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் சொன்னார்கள். போகப்போக மச்சான் படி இறங்கும்போதே சிரிக்க ஆரம்பித்தார். ஒரு பெருநாளைக்கு யாரோ வீட்டில் கருவாட்டுச் சம்பலைத் தொட்டுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் தராசில் முள் ஏறியது. லாத்தா அவரைக் காலைக் கஞ்சிகூடக் குடிக்கவிடவில்லை, நேரே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஊசி போட்டுத் தப்பித்தார். அந்த மாதம் அவர் கேட்கும்போது, இதுக்கும் சேர்த்து மனக்குறை என்றார் டாக்டர்.

அடுத்த வருஷக் கப்பலும் போனது. அதற்கடுத்ததும் போனது. அரபு நாட்டு வெயிலையும் கூட்டத்தையும் அந்த இருதயம் தாங்காது என்று டாக்டர் சொன்னதை லெப்பையும் ஒப்புக்கொண்டார். ஏற்கெனவே ஹஜ்ஜு செய்த ஒருவரை மச்சானுக்குப் பதிலாக, பதல் ஹஜ்ஜு செய்ய அனுப்பிவைத்தோம். அவர் திரும்பி வந்து ஜம்ஜம் தண்ணீரைக் கையில் கொடுத்து, உங்கள் கடமை முடிந்தது என்றார். மச்சான் அளவு பார்த்து ஒரு மிடறு குடித்தார். கடமை முடிந்தது, ஆசை முடியவில்லை என்றார் எங்களிடம்.

அறுபத்தொன்றாம் வருஷக் கடைசியில் ஊசிக்கு நீர் இறங்குவது குறைந்தது. பிறகு நின்றது. மாத்திரையைக் கூட்டவும் வழியில்லை. ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்றார் மச்சான். மறுபடி அந்தச் சாய்வு நாற்காலி. டாக்டர் தினமும் சாயங்காலம் டிஸ்பென்சரியைச் சாத்திவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். அவரும் நரைத்திருந்தார். ஒருநாள் அப்படி வந்து, நாடி பார்த்து, முதுகில் கேட்டுவிட்டுப் பைக்குள் குழாயை வைத்தார். மச்சான் வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்பார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் கேட்கவில்லை.

டாக்டர் எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தார். அப்புறம் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், அன்னிக்கு வழி தெரியாம உங்களக் கட்டிப்போட்டுட்டேன். மக்காவப் பார்க்க விடாம வச்சிட்டேன். நீங்கதான் என்னைப் பொறுத்துக்கணும்."

மச்சானுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் கண்ணில் அந்தப் பழைய சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்கு வாங்க, டாக்டர்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "பார்ப்போம்" என்றார்.

டாக்டரும் சிரித்துவிட்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சொன்னபடியே வந்தார், சாயங்காலத்துக்குக் காத்திராமல் காலையிலேயே. அதற்குள் நாங்கள் மச்சானை வெள்ளைத் துணியால் மூடியிருந்தோம். விடியற்காலை சுபுஹுக்குப் பாங்கு சொல்லுமுன் போய்விட்டார். டாக்டர் வாசலில், கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில், அந்தத் தராசுக்குப் பக்கத்தில் பையோடு நின்றார். புருஷனை இழந்தவள் மறைவில் இருக்கிற இத்தாவில் லாத்தா உட்கார்ந்துவிட்டதால் வெளியே வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"டாக்டர், போறதுக்கு முன்னால உங்க பேரச் சொல்லி, பொறுத்துக்கிட்டேன்னு சொல்லச் சொன்னாங்க. நேத்தே பொறுத்துக்கிட்டாங்களாம். நீங்க இன்னிக்கும் வரணும்னுதான் சொல்லலியாம்." அவள் குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டு மறுபடி பேசினாள். "உங்ககிட்ட ஒண்ணு கேட்கவும் சொன்னாங்க. அந்தப் பொய்யைப் பொறுத்துக்கிட்டீங்களான்னு."

டாக்டர் பையைக் கீழே வைத்தார். "அன்னிக்கே பொறுத்துக்கிட்டேன்மா. பாதிப்படியில நின்னாரே, அப்பவே."

சொல்லிவிட்டுத் தராசுத் தூணைப் பிடித்துக்கொண்டார். தோள் ஏறி ஏறி இறங்கியது, மூச்சு தொண்டையில் அடைத்தது. இந்தத் தடவை நான் அவர் கழுத்தையும் பார்த்தேன், காலையும் பார்த்தேன். அது அழுகைதான்.